100 ஏக்கர் குளம் 104 ஏக்கர் ஆன கதை

திண்டுக்கல் மாவட்டக் குளங்களின் பரப்புப் பட்டியல் ஒருவழியாகக் கையெழுத்தாகி வந்துவிட்டது. குளங்களை வரைந்தது, பெயர் சேர்த்தது, கிராம வாரியாகப் பிரித்தது எல்லாம் தகராறு இல்லாமல் முடிந்தன. உயிரை வாங்கியது 'ஏக்கர்' என்ற ஒரே ஒரு ஃபீல்டுதான், அதாவது பட்டியலின் ஒரு நெடுவரிசை.

சாட்டிலைட் படத்தின் மேல் குளங்களை வரைந்து கொடுத்தது வெளியே ஒரு நிறுவனம். சரிபார்த்து அலுவலகத்தில் ஒப்படைப்பது என் பொறுப்பு. அங்கே இருந்த எழுத்தர், கிராம நிலங்களின் பரப்பு எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார். "100 ஏக்கர் குளம் உங்க கணக்குல 104. குளம் வளருமா சார்?" என்று கேட்டுவிட்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வரைந்த பையன்கள் கரையைத் தாண்டி இழுத்திருப்பார்கள் என்பது அவர் தீர்ப்பு. நிறுவனமும் உடனே ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி வரையலாம் என்றது. அதற்குத் தனியாகக் காசு என்பதையும் சொல்ல மறக்கவில்லை.

மறுபடி வரைவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இரண்டு ஃபீல்டு போடுங்கள். ஒன்றில் டாலர் குறி போட்ட ஏரியா ($area). அது பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். இன்னொன்றில் அடைப்புக்குள் ஜியோமெட்ரியை, அதாவது வரைந்த வடிவத்தைக் கொடுத்து எழுதும் ஏரியா. அது லேயரின் (குளங்களை வரைந்த அடுக்கின்) சிஆர்எஸ்ஸில், அதாவது இடங்களுக்கு எண் கொடுக்கும் ஆயமுறையில், தட்டையாக அளக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். எனக்குச் சின்னக் குட்டைக்கும் 1.04, பெரிய குளத்துக்கும் 1.04. கை தவறி வரைந்தது மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கும், இரண்டும் அளப்பது அதே கோட்டைத்தானே. எல்லாம் ஒரே அளவுக்கு வீங்கியிருந்தால் காரணம் உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை, அதாவது புரொஜெக்‌ஷன்தான்.

நடந்தது இதுதான். பின்னணிக்கு வைக்கும் சாட்டிலைட் படங்கள் வெப் மெர்கேட்டர் என்ற சிஆர்எஸ்ஸில் வரும், அதன் அடையாள எண் இபிஎஸ்ஜி 3857. புராஜெக்ட், அதாவது லேயர்களையெல்லாம் சேர்த்து வைக்கும் வேலைக் கோப்பு, அதை எடுத்துக்கொள்ளும். புதிதாக உருவாக்கும் லேயரிலும் கவனிக்காவிட்டால் அதுவே உட்கார்ந்துவிடும். அதில் அலகு மீட்டர் என்று போட்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அது பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக நீட்டப்பட்ட மீட்டர். பரப்பு திண்டுக்கல்லில் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும், சென்னையில் 6, டெல்லியில் 30. டெல்லி வேலையாக இருந்தால் முதல் நாளே யாராவது கத்தியிருப்பார்கள். நம் ஊரில் 4 சதவீதம் நம்பும்படியாக இருக்கிறது, அதனால்தான் எழுத்தர் மேசை வரைக்கும் போனது. கூகுள் எர்த்தில் பயன்படும் கேஎம்எல் ஃபைலில் இந்தத் தொல்லை வராது. அது டிகிரியில் இருப்பதால் தட்டைக் கணக்கு 0.00003 என்பது போல ஏதாவது சொல்லும், பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் நிறுவனத்திலிருந்து, "யூடிஎம்முக்கு மாத்திட்டோம் சார்" என்று புது ஃபைல் வந்தது. யூடிஎம் என்பது பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் சிஆர்எஸ் வரிசை. திறந்தால் குளங்களையே காணோம். தட்டைப் பரப்போ கடைசி இலக்கம் வரை பழையபடி அப்படியே இருந்தது. லேயரின் சிஆர்எஸ் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். டப்பாவில் ஒட்டிய சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் மிளகாய்ப்பொடி மஞ்சள்பொடி ஆகிவிடுமா? 'செட் லேயர் சிஆர்எஸ்' என்பது சீட்டு. 'ரீபுரொஜெக்ட் லேயர்' அல்லது எக்ஸ்போர்ட் செய்யும்போது வேறு சிஆர்எஸ் கொடுப்பது, அதுதான் உண்மையான மாற்றம். ஆர்க்ஜிஐஎஸ் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் இதே ஜோடி 'டிஃபைன் புரொஜெக்‌ஷன்', 'புராஜெக்ட்' என்ற பெயர்களில் இருக்கும். சிஆர்எஸ் மாற்றியும் தட்டைப் பரப்பு துளிகூட அசையவில்லை என்றால் சீட்டுதான் மாறியிருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் தெரியும் எண்ணையும் நம்பாதீர்கள். அது புராஜெக்ட்டினுடையது, லேயருடையது அல்ல.

பழனிப் பக்கக் குளங்கள் தனி ஃபைலாக வாட்ஸப்பில் வந்தன, சிஆர்எஸ் எது என்று சொல்லும் பிஆர்ஜே ஃபைல் இல்லாமல். லேயர் பக்கத்தில் கேள்விக்குறி. மற்றவை 44ஆம் மண்டலம் என்பதால் இதற்கும் 44 கொடுத்தார்கள். பழனிக் குளங்கள் வங்காள விரிகுடாவில் மிதந்தன. காரணம், 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல் நகரத்தை ஒட்டியே போகிறது. நத்தம் பக்கம் 44, அதாவது இபிஎஸ்ஜி 32644. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் 43, 32643. இதில் வேடிக்கை, கடலில் மிதந்தபோதும் பரப்பு சரியாகவே வந்தது. மண்டலங்கள் எல்லாம் ஒரே அச்சு, ஆறு டிகிரி தள்ளி வைத்தவை. பரப்பு பொருந்துகிறது என்பதற்காக இடமும் சரி என்று நினைத்துவிட வேண்டாம்.

அப்படியானால் மாவட்டம் முழுவதையும் ஒரே மண்டலத்தில் வைக்கலாமா? நான் போட்டுப் பார்த்த கணக்கில், பழனியில் 100 ஏக்கர் குளத்துக்கு 43இல் தட்டையாக அளந்தால் சுமார் 11 சென்ட் கூடும், 44இல் 28 சென்ட். குளத்துக்கு இது பொருட்டே இல்லை. வீட்டு மனை என்றால் நாங்களும் வேறு மாதிரி யோசித்திருப்போம். கடைசியில் டாலர் ஏரியாவையே வைத்துக்கொண்டோம், மண்டலப் பேச்சே எழவில்லை.

எழுந்தது வேறு ஒன்று. மறுபடி அலுவலகம் போனால், அவர்கள் கணினியில் அதே வெப் மெர்கேட்டர் ஃபைல், அதே டாலர் ஏரியா, மறுபடியும் 104! எழுத்தர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது. புராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தைத் திறந்தேன். எலிப்சாய்டு, அதாவது பூமியின் வளைவுக்கான மாதிரி வடிவம், இருக்க வேண்டிய இடத்தில் 'நன் / பிளானிமெட்ரிக்' என்று இருந்தது. அது இருந்தால் டாலர் ஏரியாவும் தட்டையாகத்தான் அளக்கும். டபிள்யூஜிஎஸ் 84 என்று மாற்றி மறுபடி ஓட்டியதும் 100 வந்தது. அளவு டூலில்கூட கார்ட்டீசியனா (தட்டையா) எலிப்சாய்டலா (வளைவோடா) என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: எண்ணாகச் சேமித்த ஃபீல்டு, நீங்கள் எதை மாற்றினாலும் தானாக மாறாது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும் வெர்ச்சுவல் ஃபீல்டாகப் போட்டால் இந்தத் தலைவலி இல்லை.

4 சதவீதம் போன பிறகும் சில குளங்கள் பதிவேட்டோடு ஒத்துவரவில்லை. சிலது கூட, சிலது குறைய. இது நிஜமான வித்தியாசம். பதிவேட்டில் இருப்பது கரையையும் சேர்த்த புறம்போக்குப் பரப்பு. நாங்கள் வரைந்தது படம் எடுத்த அன்றைக்கு நின்ற தண்ணீர். எழுத்தர் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னார். முடியாது என்றேன். பதிவேட்டுப் பரப்பு ஒரு ஃபீல்டு, நீர்ப்பரப்பு ஒரு ஃபீல்டு, படத்தின் தேதி ஒன்று, அளந்த முறை ஒன்று என்று பிரித்துக் கொடுத்ததும் மேலே இருந்த பொறியாளர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் மட்டும் ஏக்கர் வேண்டாம், ஹெக்டேர்-ஏரில் கொடுங்கள் என்றார். அது ஒரு வகுத்தல்தான், அங்கேயே போட்டுக் கொடுத்தேன். அடுத்த தாலுகாவுக்கு நிறுவனத்திடம், பல ஃபைல்களாகப் பிரிந்து வரும் ஷேப்ஃபைலே வேண்டாம், ஜியோபேக்கேஜாகத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது ஒரே ஃபைல். வாட்ஸப்பில் அனுப்பினாலும் சிஆர்எஸ் தொலையாது.