ஆர்எக்ஸ்-7 பிரேக் சாமான்: வருஷத்தைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது

என் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-7 வண்டி ஒருவழியாக ரோட்வொர்த்தி (சாலைத் தகுதி) சோதனையின் பிரேக் ரோலரில் ஏறி இறங்கிவிட்டது. 12ஏ ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் சுழலி ஓடுவது) கட்டியது, தகர வேலை, பெயின்ட், ஒயரிங் எதுவும் டர்பனில் பெரிய பாடில்லை. ரோட்டரி கட்டத் தெரிந்த கைகள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்னும் இருக்கின்றன. உயிரை வாங்கியது பிரேக்தான். கழற்றி மாட்டுவது கஷ்டமில்லை, எந்தச் சாமான் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்பேர்ஸ் கடை கவுன்டரில் முதல் கேள்வியே "என்ன வருஷம் அங்கிள்?" வருஷத்தைச் சொன்னால் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு ஒரு டப்பாவை நீட்டுவார்கள். திறந்து பார்க்கலாமா என்றால் முகம் மாறும். பில் போட்டபின் பிரேக் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், அது சுவரிலேயே எழுதியிருக்கிறது. முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 1978 முதல் 1985 வரை வந்தது. அதற்குள்ளேயே பின்பக்கம் டிரம் வைத்ததும் உண்டு, டிஸ்க் வைத்ததும் உண்டு. அமெரிக்காவுக்கு 1984, 1985-இல் 13பி எஞ்சினோடு போன ஜிஎஸ்எல்-எஸ்இ தனிச் சாதி: டிஸ்க் பெரிது, வீல் ஸ்டட் வட்டம் (வீலை மாட்டும் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ. மற்றவற்றுக்கு 110. கேட்டலாக்கில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்க மாடல்தான்.

இந்த 4.3 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. பின் டிஸ்க்கானால் ஸ்டட்டில் இறங்காது, உடனே தெரிந்துவிடும். முன்பக்கம் மோசம். இந்த வண்டியில் டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றாகவே வருவதால், பேரிங்கில் கிரீஸ் அடைத்து, சீல் தட்டி, நட்டை இறுக்கி, ஸ்ப்ளிட் பின் குத்தி முடித்து வீலைத் தூக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். 4 துளை வண்டியில் அளப்பது சுலபம்: எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு வெர்னியர் அளவுகோலை வையுங்கள். அதைக் கவுன்டரிலேயே செய்யுங்கள், யார் முறைத்தாலும்.

மஸ்டா பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தலைவலி குறையும். நான்கு எழுத்து (இலக்கமும் கலந்து வரும்), ஒரு கோடு, இரண்டு இலக்கம், ஒரு கோடு, அப்புறம் மிச்சம். நடுவில் உள்ள இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 33 என்றால் முன் பிரேக், 26 பின் பிரேக், 43 மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் தள்ளும் முதன்மை சிலிண்டர்) ஹோஸும், 44 ஹேண்ட்பிரேக் கேபிள், 45 பைப். முதல் நான்கு எழுத்து அந்தச் சாமான் முதலில் எந்த மாடலுக்காக வந்தது என்பதைக் காட்டும். ஆகவே வேறு மஸ்டாவின் எழுத்து இருக்கிறதே என்று பயந்து திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பழைய வண்டியில் முன்னிருந்தவர்கள் எதை எதை மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மஸ்டா 323 காரிலிருந்தோ பக்கியிலிருந்தோ (பிக்அப் வண்டி) கழற்றிப் போட்டிருப்பார்கள். அதனால் வண்டியில் இருப்பதும் சாட்சியாகாது. மாஸ்டர் சிலிண்டரின் உடம்பில் துளை அளவு வார்ப்பிலேயே இருக்கும், துருவைச் சுரண்டிப் பாருங்கள். 13/16 அங்குலத்துக்குப் பதில் 7/8 மாட்டினால் பரப்பு 16 சதவீதம் கூடுகிறது. பெடல் ஓட்டம் குறையும், அதே பிரேக்குக்குக் கால் அந்த அளவு கூடுதலாக அழுத்த வேண்டும். கேலிப்பர் (டிஸ்க்கைப் பேடால் கவ்வும் பாகம்) சீல் கிட்டுக்கும் இதேதான்: மாடல் பெயரைச் சொல்லாமல் பிஸ்டன் விட்டத்தை மி.மீ.யில் சொல்லுங்கள். பிஸ்டனை வெளியே எடுக்கக் காற்று அடிக்கும்போது எதிரில் மரக்கட்டை வையுங்கள், விரலை வைக்காதீர்கள்.

இனி பைப். இன்னும் வயிறு எரிகிறது.

ஜப்பான் வண்டியில் 4.75 மி.மீ. பைப், எம்10 (10 மி.மீ.) நட், 1.0 மி.மீ. இடைவெளி மரை, முனையில் இரட்டை மடிப்பு ஃப்ளேர் (விரித்த வாய்). நம்மூர் பிரேக் பட்டறைகளில் நாள் முழுக்க வருவது பழைய கோல்ஃப். அதற்கும் எம்10, 1.0 மரைதான், ஆனால் முனை குமிழ் ஃப்ளேர். கை பழக்கத்தில் அதையே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மரை அருமையாக ஏறும், முனை மட்டும் இருக்கையில் உட்காராது. கசியும். இறுக்குவீர்கள், இன்னும் கசியும், கடைசியில் வீல் சிலிண்டரின் இருக்கையே நசுங்கிப் போகும். என்னுடையது அப்படித்தான் போனது. பட்டறைக்காரர் சொன்ன பதில்: "இறுக்கினது போதாது."

இதைவிட ஆபத்தானது 3/8 அங்குல நட். விட்டம் 9.5 மி.மீ., மரை 1.06. எம்10 துளைக்குள் கொஞ்சம் லொடலொடவென்று ஏறிவிடும், இறுக்கவும் செய்யலாம். அவசரமாக பிரேக் அடிக்கும் நாளில் பிடுங்கிக்கொள்ளும். ஜப்பான் நட்டின் தலைக்கு 10 மி.மீ. ஸ்பேனர் சேரும். 11 சேர்ந்தால் அது வேறு ஊர் நட், எடுத்துப் போட்டுவிடுங்கள். பழைய பைப்பைத் தூக்கி எறியாமல் மாதிரிக்குக் கொடுங்கள், ஃப்ளேர் முனையோடு. வெறும் செம்புப் பைப் வளைக்க நன்றாக இருக்கும், அதிர்வில் இறுகி வெடிக்கும். செம்பு-நிக்கல் கேட்டு வாங்குங்கள்.

பின் டிஸ்க் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒன்று. அந்த கேலிப்பருக்குள்ளேயே ஹேண்ட்பிரேக் இருக்கிறது. பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் திருகு கெட்டுவிடும். சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். முடிவில் பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளமும் பேட் முதுகில் உள்ள முளையும் ஒன்றாக வர வேண்டும், இல்லாவிட்டால் பேட் சாய்ந்து தேயும். இடது வலது மாறிப் போனதா என்று பார்க்க ஒரே அடையாளம் போதும்: பிளீடர் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை புட்டி ஆயில் ஊற்றினாலும் காற்று வராது.

எல்லாம் மாட்டியபின் வண்டி சூடானால் பிரேக் பிடித்துக்கொண்டே நிற்கிறதா? கேலிப்பரைக் குறை சொல்லுமுன், பிடித்திருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு (எஞ்சின் வெற்றிடத்தால் கால் அழுத்தத்தைக் கூட்டும் டப்பா) பிணைக்கும் நட்டுகளைத் தளர்த்துங்கள். வீல் சுற்றினால் பூஸ்டரின் தள்ளுகம்பி நீளம் அதிகம். மாற்று மாஸ்டர் போட்ட வண்டிகளில் இது சகஜம். சுற்றவில்லையா, ஹோஸுக்கு முன்னால் உள்ள பைப் நட்டைத் தளர்த்துங்கள். அதற்கும் சுற்றாமல் நிப்பிளைத் திறந்ததும் சுற்றினால், ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. வெளியே புதுசு போலத்தான் இருக்கும். நிப்பிளுக்கும் மசியாவிட்டால்தான் கேலிப்பர் பக்கம் போக வேண்டும்.

பெடல் கல்லு மாதிரி இருந்தால் இன்னொரு காரணம், ரோட்டரிக்காரர்களுக்கே உரியது. பிரிட்ஜ் போர்ட் செய்த (வேகத்துக்காகக் காற்று வழியைக் கூடுதலாக வெட்டிய) எஞ்சின் ஐடிலில் போதிய வெற்றிடம் தராது, பூஸ்டருக்குப் பசி. எஞ்சினை அணைத்துப் பெடலைப் பல முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். இறங்காவிட்டால் முதலில் வெற்றிடக் குழாயில் உள்ள ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். மலிவான சாமான், பூஸ்டர் மாற்றும் செலவு மிச்சம்.

டர்பன் கடல் காற்றில் பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், சிலிண்டர் உள்ளே குழி விழும். ஹோன் (உரசுகல்) போட்டு ஆழக் குழியைப் போக்க முடியாது. கிடைக்காத சிலிண்டர் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் (உள் உறை) போடக் கொடுங்கள். டாட் 4 ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ அதோடு கலக்கவே கூடாது.

ரோலர் சோதனைக்கு நேரே புதுப் பேடோடு போகாதீர்கள். படியாத பேட் இடமும் வலமும் வெவ்வேறாக இழுக்கும், இயந்திரம் அதைத்தான் அளக்கிறது. ஹேண்ட்பிரேக்கையும் தனியாக ஏற்றிப் பார்ப்பார்கள்; கேபிளை முதலில் முழுக்கத் தளர்த்தி, பின்பக்க பிரேக்கைச் சரிசெய்தபிறகே கேபிளை இறுக்குங்கள். சர்டிஃபிகேட்டுக்கு 60 நாள்தான் ஆயுள். பெயர் மாற்றும் தாள்களெல்லாம் கையில் வந்தபின் சோதனைக்கு நேரம் வாங்குங்கள்.