ரப்பர் பால் கணக்கும் பவர் ஆட்டோமேட் ஃபார்முலாவும்

குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் எடுக்கிற கடைகளில் கணக்கு ஒரே வரிதான். பாலின் எடையை டிஆர்சியால் (பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்கிற அளவு) பெருக்கி நூறால் வகுத்தால் உலர் ரப்பர் எடை. அதை அன்றைய விலையால் பெருக்கினால் தொகை. 86.4 கிலோ பால், டிஆர்சி 34.5, விலை கிலோவுக்கு 190 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 29.808 கிலோ, 5,663.52 ரூபாய். இதே வரியை, வேலைகளைத் தானாகவே ஓட்டும் மைக்ரோசாஃப்ட் கருவியான பவர் ஆட்டோமேட்டில் எழுதும்போது சறுக்கும் இடங்கள் பல.

எல்லாவற்றிலும் மோசமானது வகுத்தல். இரண்டுமே முழு எண்ணாக இருந்தால், 'டிவ்' ஃபங்ஷன் தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணைத்தான் தரும். டிவ்(34, 100) என்றால் விடை 0.34 அல்ல, 0. டிஆர்சியை முதலில் நூறால் வகுக்கிற மாதிரி எழுதியிருந்தால், அது சரியாக 34 வந்த நாளில் அந்த ஆளுக்குத் தொகை பூஜ்யம்! 34.5 போட்டுச் சோதித்தால் விடை சரியாகவே வரும் என்பதால் இது கண்ணில் படாது. ஃப்ளோ (பவர் ஆட்டோமேட்டில் நாம் அமைக்கும் வேலைத்தொடர்) நின்றுபோனால் சிவப்பு காட்டும், போய்ப் பார்ப்போம். இதுவோ பச்சை டிக்கோடு ஓடி முடியும். 100 என்பதை 100.0 என்று எழுதுங்கள், தீர்ந்தது.

அடுத்தது எழுத்தா எண்ணா என்கிற விஷயம். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் என்கிற இணையப் படிவத்தில் எண் கேட்டிருந்தாலும் பதில் எழுத்தாகத்தான் வந்து சேரும். எக்செல் அட்டவணையிலிருந்து எடுத்தாலும் அப்படியே. எனவே பெருக்குவதற்கு முன், எழுத்தைத் தசம எண்ணாக்கும் 'ஃப்ளோட்'டுக்குள் போட வேண்டும். முழு எண்ணாக்கும் 'இன்ட்' வேண்டாம், 86.4 வந்தால் அது பிழை காட்டி நிற்கும். சிலர் 34% என்று குறியோடு அடிப்பார்கள். 'ரிப்ளேஸ்' கொண்டு குறியை நீக்கி, 'ட்ரிம்' கொண்டு இடைவெளியை எடுத்துவிட்டு, பிறகு ஃப்ளோட்.

காலியாக விட்ட கட்டத்துக்குப் பலரும் 'கோலெஸ்' போடுகிறார்கள். அது 'நல்' (மதிப்பே இல்லை என்கிற நிலை) வந்தால்தான் மாற்று மதிப்பைத் தரும். எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தை அப்படியே கடத்திவிடும், ஃப்ளோட் அங்கே உடையும். காலியா என்று பார்க்கும் 'எம்ப்டி' வைத்துச் சோதிப்பதுதான் சரி. ஆனால் டிஆர்சி காலியாக இருந்தால் தயவுசெய்து பூஜ்யம் போட்டு நிரப்பாதீர்கள். ரப்பர் மரம் வெட்டுகிறவரின் ஒருநாள் பாடு அதில் இருக்கிறது. அந்தப் பதிவைத் தனியே நிறுத்தி, கடைக்காரருக்குத் தகவல் போகட்டும். 20-க்குக் கீழோ 50-க்கு மேலோ வந்தாலும் அதே வழிதான். 34.5-ஐ 345 என்று அடிப்பது சாதாரணமாக நடக்கிற பிழை.

முழுமையாக்க 'ரவுண்ட்' ஃபங்ஷன் இதில் கிடையாது. 'ஃபார்மேட்நம்பர்' கொண்டு இரண்டு தசமத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் விடை எழுத்தாக வரும். மேலே கணக்கு தொடர்ந்தால் மறுபடி ஃப்ளோட் வேண்டும். எப்போது முழுமையாக்குகிறோம் என்பதும் முக்கியம். உலர் எடையை 29.8 என்று சுருக்கிவிட்டுப் பெருக்கினால் 5,662 ரூபாய்தான் வரும், ஒரு ரூபாய் 52 காசு குறைவு. கடைசித் தொகையில் மட்டும் முழுமையாக்குங்கள்.

நேரம். ஃப்ளோவின் கடிகாரம் யுடிசி என்கிற உலகப் பொது நேரம், நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். ஜூன் 1 விடியற்காலை 4 மணிக்குப் பால்வெட்டு வருகை பதிந்தால், அங்கே மே 31 இரவு 10.30. அந்த நாள் கூலி போன மாதக் கணக்கில் போய்விடும். 'கன்வர்ட்ஃப்ரம்யுடிசி' போட்டு, மண்டலமாக 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்' கொடுங்கள். தேதி வடிவத்தில் மாதத்துக்குப் பெரிய எம், சின்ன எம் போட்டால் நிமிடம்.

வாட்ஸ்அப்பில் வந்த ஃபார்முலாவை ஒட்டினால் ஒற்றை மேற்கோள் வளைந்த குறியாக மாறியிருக்கலாம். பவர் ஆட்டோமேட் அதை ஏற்காது. நேர்க்குறியாகக் கையால் அடித்துவிடுங்கள்.

முழு ஃபார்முலாவையும் ஒரே வரியில் அடைக்க வேண்டாம். சுத்தம் செய்த எடை, சுத்தம் செய்த டிஆர்சி, உலர் எடை, தொகை என்று தனித்தனி 'கம்போஸ்' (ஒரு மதிப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் படி) வைத்தால் எங்கே கெட்டது என்று ஓட்ட வரலாற்றிலேயே தெரியும். விலையையும் அந்தப் பதிவிலேயே சேமித்துவிடுங்கள், நாளை விலை மாறினாலும் பழைய ரசீது மாறாது. கடைக்குக் கொடுக்கும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டியவை: 34, 34.5, 34%, 345, காலிக் கட்டம், விடியற்காலை 4 மணிப் பதிவு.