கொளுத்தும் கோடையில் புல்தரைக் களை: செய்து பார்த்த அனுபவம்

எங்கள் புல்தரை அருகம்புல் இனம். பெர்முடா என்று சொல்லப்படுவதும் இதே புல்தான். 27 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பம் இதற்கு நல்ல காலம். வெயில் ஏற ஏறத் தழைக்கும். அப்படியானால் கோடையில் களை தானாகவே அடங்கிவிட வேண்டுமே என்று தோன்றும். ஆனால் கோரை, அம்மான் பச்சரிசி, பருப்புக்கீரை, கேழ்வரகின் காட்டு உறவான அந்தத் தட்டைப் புல் எல்லாமே அருகைப் போலவே சி4 வகை, அதாவது கடும் வெயிலிலும் சோராமல் உணவு தயாரிக்கும் செடிகள். மற்ற செடிகள் சோர்ந்து நிற்கும் வெப்பத்தில் இவையும் சேர்ந்தே வேகம் பிடிக்கும். ஆக வெயிலால் இரண்டு தரப்புக்கும் லாபம். மண்ணின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, மேல்மண் எத்தனை நேரம் ஈரமாகவே கிடக்கிறது, இந்த இரண்டும்தான் யார் ஜெயிப்பது என்று முடிவு செய்கின்றன. இந்தக் கோடையில் நான் செய்து பார்த்ததில் பெரும்பகுதி இவற்றைச் சுற்றியே.

முதலில் வெட்டும் உயரம். வெயில் சூடு பிடித்ததும் மோவரின் பிளேடை ஏற்றி வைத்தேன். முன்பு 2.5 செ.மீ. அளவில் வெட்டிய இடத்தில் இப்போது 4.5 செ.மீ. அருகம்புல்லுக்கு 5 செ.மீ. வரை போகலாம், அதற்கு மேல் விட்டால் அடித்தண்டு காய்ந்து பழுப்பு தட்டும். எருமைப் புல் என்று அகல இலையோடு இருக்குமே, அது வைத்திருப்பவர்கள் 6 முதல் 10 செ.மீ. வரை தாராளமாக விடலாம். ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதைக் கோடையில் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். 6.5 செ.மீ. தொடும்போது 4.5 ஆக்குவது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். பிளேடைத் தீட்டுவதும் முக்கியம். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும், கிழிந்த நுனி அடுத்த நாளே வெளுத்துக் காயும்.

இதன் பலன் உடனே தெரியவில்லை. சில வாரங்கள் போன பிறகு, புல்லை இரு கையால் விலக்கிப் பார்த்தால் அடியில் மண் தெரியாத அளவுக்கு இலை மூடியிருந்தது. பருப்புக்கீரை போன்ற பொடி விதைகள் முளைக்க வெளிச்சம் படவேண்டும். மூடிய இடத்தில் புது முளை மிகக் குறைவு. பழைய உயரத்திலேயே வெட்டிக்கொண்டு வந்த ஓரப் பட்டையில் அம்மான் பச்சரிசி வழக்கம்போல வட்டம் வட்டமாகப் படர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பட்டையை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன். பக்கத்து பக்கத்தில் இப்படிப் பார்க்கும்போது கிடைக்கிற நம்பிக்கை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

அடுத்தது தண்ணீர். தினமும் கொஞ்சம் தெளிப்பதை நிறுத்தி, வாரத்துக்கு மொத்தம் 25 மி.மீ. அளவை இரண்டு மூன்று தவணையாக, விடியற்காலையில் கொடுத்தேன். எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துகொள்ள, நேர்ப் பக்கமுள்ள காலி டின்களை ஸ்பிரிங்ளர் எட்டும் இடங்களில் வைத்து அளவுகோலால் அளந்தால் போதும். ஒரு டின் நிறைந்து இன்னொன்று பாதி இருந்தால் ஸ்பிரிங்ளர் சமமாகத் தெளிக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் உள்ளே இறங்கியதா என்று பார்க்க ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள்; 15 செ.மீ. ஆழம் வரை சுலபமாக இறங்கினால் சரி. நாள்தோறும் மேலாகத் தெளிப்பதால் வளர்வது களை விதைதான், ஏனென்றால் அது இருப்பது மேல் ஒரு செ.மீ. மண்ணில். புல்லின் வேர் கீழே இருக்கிறது. 'அருகுபோல் வேரோடி' என்று பெரியவர்கள் வாழ்த்துவது அனுபவித்துச் சொன்ன வார்த்தை. மேல்மண்ணைக் காயவிட்டு ஆழத்தில் ஈரம் வைத்தால் அது உண்மையிலேயே கீழே தேடிப்போகும்.

புல் தாகமாக இருப்பதை அதுவே சொல்லிவிடும். நிறம் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த நீலமாகும், இலை நீளவாக்கில் மடியும், மிதித்த காலடி நிமிராமல் அப்படியே பதிந்திருக்கும். இந்த மூன்றும் தெரியத் தொடங்கும்போதுதான் தண்ணீர் திறந்தேன்.

கோரைக்கு வருவோம். இதற்குத்தான் நிறைய நேரம் போனது.

வெட்டிய இரண்டாம் நாளே புல்மட்டத்துக்கு மேல் பளபளவென்று இளம்பச்சையாக எட்டிப்பார்ப்பது கோரை. சந்தேகமாக இருந்தால் தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்க்கலாம். புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். கோரையின் தண்டில் மூன்று விளிம்பு விரலில் தட்டுப்படும். இலையும் மூன்று திசையில்தான் அடுக்கியிருக்கும். இதைக் கையால் இழுத்தால் மேலே உள்ள தண்டு மட்டும் 'டக்'கென்று கையோடு வரும், கிழங்கு அசையாது. எங்கள் தரையில் கோரை அடர்ந்திருந்தது ஸ்பிரிங்ளர்களின் தண்ணீர் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் மூலையில். ஆகவே அங்கே முதல் வேலை, ஒரு ஸ்பிரிங்ளரின் கோணத்தைத் திருப்பியது.

புல் இல்லாமல் வெறிச்சோடியிருந்த ஒரு திட்டில் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். நன்றாக நனைத்து, ஒரு இரவு விட்டு, குறுகிய மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் எடுத்து மண்ணை உடைத்தபோது, ஒரே வேர்க்கம்பியில் கோத்த மணிகள் மாதிரி கிழங்குகள் வரிசையாக வந்தன. கறுப்புத் தோல், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, மண்வாசனையோடு கலந்து ஒரு மருந்து வாசனை. கிழங்குகளில் பெரும்பாலானவை மேல் 15 செ.மீ.க்குள்ளேயே இருந்தன, ஒன்றிரண்டு அதற்கும் கீழே.

இந்தச் சங்கிலியைப் பார்த்த பிறகுதான் ஒரு விஷயம் தெளிவானது. ஒரு செடியைப் பிடுங்கினால் அடுத்த வாரம் அதைச் சுற்றி நாலைந்து வருகிறதே, பிடுங்குவதே வீணோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே நடப்பது இதுதான்: வரிசையில் முதலில் முளைத்த கிழங்கு மற்றவற்றைத் தூங்க வைத்திருக்கிறது. அதன் பிடி போனதும் மற்றவை விழிக்கின்றன. விழித்த ஒவ்வொன்றும் தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் இலை விட வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து இலை வரும்வரை அது செலவுக் கணக்கு. அதற்குப் பிறகு இலை சம்பாதித்துக் கிழங்குக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கும், புதுக் கிழங்கும் கட்டும். அதனால் ஐந்தாவது இலைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கோடையில் இது இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்துவிடுகிறது. பிடுங்கும் நாளைத் தள்ளிப்போடாமல் இருந்தாலே போதும், ஆழத் தோண்ட வேண்டியதில்லை. புல் அடர்ந்த இடத்தில் தோண்டினால் தரை கிழிந்து, வெளிச்சம் விழுந்து, வேறு களை வரும். அங்கே தண்ணீர் விட்ட மறுநாள் காலையில், மண் மெத்தென்று இருக்கும்போது, ஒரு மெல்லிய களைக்கொத்தியைப் பக்கத்தில் இறக்கி நெம்பிவிட்டு எடுப்பேன். கிழங்கு வந்தால் நல்லது. வராவிட்டாலும் அதன் சேமிப்பு குறைந்தது குறைந்ததுதான்.

எடுத்த கிழங்குகளை உரக்குழியில் போடவில்லை. சிமென்ட் தரையில் உச்சி வெயிலில் பரப்பினேன். கோரைக்கிழங்கு பட்டினியை ஓரளவு தாங்கும், வறண்டு போவதைத் தாங்காது. தோல் சுருங்கி, அழுத்தினால் கட்டையாக நிற்கும் வரை விட்டேன். கோடை நமக்குச் செய்கிற ஓர் உதவி இது.

வெறும் திட்டின் இன்னொரு பாதியில் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து ஓரத்தை மண் போட்டு மூடி, வெயிலில் வேகவிட்டேன். நான்கிலிருந்து ஆறு வாரம் வைப்பது வழக்கம். மேல் 5 செ.மீ. மண் 50 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான விதைகள் செத்தன. கோரை மட்டும் தாளைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. ஆழத்திலுள்ள கிழங்குக்கு அந்தச் சூடு எட்டாது என்பதால் கோரைக்கென்று இதைச் செய்ய மாட்டேன். புல் உள்ள இடத்தில் செய்யவே கூடாது. புல்லும் சேர்ந்து வெந்துவிடும்.

களைக்கொல்லி பற்றி. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அகல இலைக் களைகளைக் கொல்லும் 2,4-டி போன்ற மருந்துகளை நான் தொடுவதில்லை. 2,4-டி விற்கப்படும் வடிவங்களில் ஒன்றான எஸ்டர் சூட்டில் ஆவியாகிப் பக்கத்துச் செடிகள் மேல் படியும், புல்லும் மஞ்சளடிக்கும். இன்னொரு காரணமும் உண்டு: வறட்சியில் களைகள் இலையின் மேல் மெழுகுப் படலத்தைத் தடிப்பாக்கிக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது. வாடிய களைமேல் அடித்தால் களைக்கு ஒன்றும் ஆகாது, புல்தான் அடி வாங்கும். கிளைபோசேட் எல்லாவற்றையும் கொல்லும் என்பதால் புல்தரையில் அதற்கு வேலையே இல்லை.

கோரை மூலையில் மட்டும் ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் அடித்தேன். செடி சில அமினோ அமிலங்களைச் செய்யவிடாமல் தடுக்கும் மருந்து இது. அருகும், ஜாய்சியா என்ற இன்னொரு புல்தரைப் புல்லும் இதைத் தாங்கும். உங்கள் நாட்டில் புல்தரைக்கு அனுமதி இருக்கிறதா, எந்தப் புல்லுக்கு, எவ்வளவு என்பதை லேபிளில் படித்த பிறகே தொட வேண்டும். முந்தைய நாள் தண்ணீர் விட்டேன், மறுநாள் காற்று எழும் முன் காலையில் அடித்தேன். அடிப்பதற்கு முன் இரண்டு நாளும் பின் இரண்டு நாளும் மோவரை எடுக்கவில்லை, இலை நிறைய இருந்தால்தானே மருந்தை வாங்கும். அடித்த ஒரு வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. பிறகு நடு இலை வெளிறி, செடி வளர்ச்சியை நிறுத்தி, மெல்ல மெல்லப் பழுப்பானது. அவசரப்பட்டு மறுமுறை அடிக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டம்.

கைக்கு அடங்குகிற களைகள் மிச்சம். அம்மான் பச்சரிசி பார்க்கப் பெரிய பாயாகத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே நடுவேரில் தொங்குவது. அந்த நடுவைப் பிடித்து எடுத்தால் முழுதும் வரும். பால் பட்டால் தோல் அரிக்கும், கையுறை போடுங்கள். முளைத்த ஐந்து வாரத்திலேயே விதை போட்டுவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பருப்புக்கீரையைப் பிடுங்கி அங்கேயே போட்டால் தண்டிலிருந்து மறுபடி வேர்விடும், பூத்திருந்தால் பிடுங்கிய பிறகும் விதை முற்றும். வாளியில் போட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். வினிகரும் கொதிநீரும் நடைபாதைக் கற்களின் இடுக்குக்கு நல்லவை. உப்பு எங்கேயும் வேண்டாம், மண் கெட்டுவிடும்.

நடைபாதை ஓரம் தனிக்கதை. அங்கே நடுவில் வெள்ளிபோல் வெளுத்து, தட்டையாக மிதிபட்டுக் கிடக்கும் அந்தக் காட்டுக் கேழ்வரகுப் புல்தான் நிறைய. ஸ்க்ரூடிரைவர் மூன்று விரற்கடை கூட இறங்கவில்லை. இறுகிய மண்ணில் அருகின் வேர் திணறும், இது திணறாது. நனைத்து, இரும்புக் கவையால் அடியோடு நெம்பி எடுத்துவிட்டு, மண்ணுருளையை வெளியே எடுக்கும் குழாய்ப்பல் கருவியால் 7 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, சலித்த மட்கு உரத்தை அதில் தள்ளினேன். வெப்பக்காலப் புல்லுக்கு இந்த வேலையைக் கோடையில்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் துளை சீக்கிரம் மூடும். கூடவே சதுர மீட்டருக்கு 11 கிராம் யூரியாவை இரண்டு பங்காகப் பிரித்து, தூவிய உடனே தண்ணீர் விட்டேன். தூவிவிட்டு வெயிலில் விட்டால் இலை கருகும். புல் வாடியிருந்தால் உரமே போடக் கூடாது.

இப்போதைய நிலை: நடுப்பகுதியில் வாரம் ஒருமுறை ஒரு சுற்று நடந்தால் கையிலேயே முடிகிற அளவுக்குத்தான் களை. கோரை மூலையில் புது முளைகள் இன்னும் வருகின்றன, ஆனால் இலை மெலிந்து, நிறம் வெளிறி வருகின்றன. அடியிலுள்ள கிழங்கு சத்திழந்திருப்பதன் அடையாளமாகத்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். தோண்டிய திட்டில் கணு உள்ள அருகந்துண்டுகளை ஊன்றியிருக்கிறேன். அந்த இடத்துக்கு மட்டும் வேர் பிடிக்கும் வரை தினமும் கையால் தண்ணீர். அதற்குள் அங்கே முளைக்கும் கோரையை ஐந்தாவது இலைக்கு முன்னால் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பம் தணியும் நேரத்தில், குளிர்காலக் களை விதைகள் முளைக்கும் முன், முளைப்பையே தடுக்கும் மருந்து தேவைப்படுமா என்று பார்க்க வேண்டும். ஊன்றிய திட்டில் அதைப் போட முடியாது, புது வேரையும் அது தடுக்கும்.