வீட்டுச் சாப்பாட்டின் கூலி

வீட்டுச் சமையல் என்று ஓர் உணவகம் பெயர் எடுத்திருந்தால், உள்ளே யாரோ காலையிலிருந்து கை ஓயாமல் உழைக்கிறார்கள் என்று அர்த்தம். வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்தில், ஆல்பாவை அடுத்த லாங்கே குன்றுகளில் ஒரு பழைய கிராமத்துச் சத்திரத்தில் வேலை பார்த்தபோது அந்த யாரோவில் நானும் ஒருவன். மாடியில் தங்க நாலைந்து அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம், சுற்றிலும் திராட்சைத் தோட்டம். பீட்சா கிடையாது.

காலை வேலை பெரும்பாலும் பிளின்தான். நகத்தைவிடச் சற்றே பெரிய பாஸ்தா. மாவை அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரித்து, பூரணத்தைச் சிறு பொட்டுகளாக வரிசையாக வைத்து, மடித்து, இடையிடையே விரலால் கிள்ளி, சோமாசிக் கரண்டி மாதிரியான சக்கரத்தால் வெட்ட வேண்டும். ஒரு தட்டுக்கே பல டஜன் வேண்டும். சாப்பிடுகிறவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

அந்தப் பூரணம் ஒரு காலத்தில் மிச்சச் சாப்பாடு. முந்தைய நாள் விருந்தில் மீந்த வறுத்த இறைச்சியைக் கீரையோடு கொத்தி உள்ளே வைத்திருக்கிறார்கள். இப்போது மிச்சம் ஏது? கன்று, பன்றி, முயல் மூன்றையும் இதற்காகவே அடுப்பில் ஏற்றி, வெந்ததும் அரைக்கிறோம். ஏழைகளின் சிக்கனம் விலை உயர்ந்த உழைப்பாக மாறிவிட்டது. சமையலறையை ஆண்ட முதலாளியின் தாயாரை எல்லோரும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. “ருசி அதேதானே?” என்பார்.

தாயரின் என்ற மெல்லிய நூடுல்ஸ் இன்னொரு ஊதாரித்தனம். ஒரு கிலோ மாவுக்கு முப்பது, நாற்பது மஞ்சள் கரு போகும். மீதி வெள்ளைக் கருவை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குத் தினசரித் தலைவலி.

பருவம் பார்த்துச் சமைப்பது என்றால் பாதி வேலை ‘இல்லை’ என்று சொல்வதுதான். வசந்தத்தில் வேலியோரம் முளைக்கும் ஹாப்ஸ் கொடியின் தளிரைப் பறித்து முட்டையோடு பொரிப்போம். கொஞ்ச நாளில் அது முடிந்துவிடும். கோடையில் குடைமிளகாய். குளிர் வந்தால் பாஞ்ஞா காவ்தா: பூண்டும் உப்பிட்ட நெத்திலியும் ஆலிவ் எண்ணெயில் மெதுவாகக் கரையும். அதில் காய்களைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இந்த மாநிலத்துக்குக் கடற்கரையே இல்லை. நெத்திலி தெற்கே பக்கத்து மாநிலமான லிகூரியாவின் கரையிலிருந்து மலை தாண்டி வந்தது. இங்கே ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து மாயிரா பள்ளத்தாக்குக்காரர்கள் அதை ஊர் ஊராக விற்றார்கள். சமைத்த அன்று என் சட்டையெல்லாம் பூண்டு. பஸ்ஸில் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும்.

ஸ்லோ ஃபுட் இயக்கம் பிறந்த ப்ரா பக்கத்து ஊர்தான். அதன் முன்னோடி அமைப்பு 1986இல் தொடங்கியது. அவசரம் வேண்டாம், உள்ளூர்ச் சுவையைக் காப்போம் என்ற அந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கும். ஆனால் நிதானமாகச் சாப்பிடுகிறவருக்காக அடுப்படியில் நிற்கிறவருக்கு நிதானம் கிடைப்பதில்லை. மதியப் பந்தி மூன்று மணிக்கு முடியும், மறுபடி ஆறு மணிக்கு வர வேண்டும், வீடு திரும்ப நள்ளிரவு. நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் அந்தக் கிராமத்தில் எங்கே போவது? அந்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. மெனு அட்டையில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

அப்புறம் அக்டோபர் வரும், வெள்ளை டிரஃபிள் வரும். நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டும் இந்த நிலத்தடிக் காளானுக்காகவே வெளிநாட்டுக் கார்கள் வாசலில் வரிசை கட்டும். அதைச் சமைக்கவே கூடாது. வெண்ணெயில் புரட்டிய தாயரின் மேல் மேசையிலேயே பச்சையாகச் சீவுவார்கள். சீவுவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்து, கிராம் கணக்கில் பில். எங்கள் கைவேலை மிகக் குறைவாகப் பட்ட பொருளுக்குத்தான் மிக அதிக விலை. பிளின் கிள்ளிக் கிள்ளி விரல் வலித்த காலை நேரங்களில் இதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். சிஞ்ஞோராவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். டிரஃபிள் கேட்கும் மேசைக்கு அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை, பிளின் தட்டு காலியாகத் திரும்பினால் மட்டும் யார் சாப்பிட்டது என்று விசாரிப்பார்.