சேணமில்லாத குதிரை

நவம்பர் 15

27 வாரம். ரத்தம் நின்று மூன்று நாள் ஆகிறது. நஞ்சுக்கொடி கீழேயே கிடக்கிறது. போகப்போக மேலேறலாம், ஏறாமலும் போகலாம். மாடிப்படி கூடாது, எதையும் தூக்கக் கூடாது. இவர் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். நார்விச் மழை தெரிகிறது.

தலைமாட்டில் பாஸ்டன் (Paston) குடும்பத்துக் கடிதங்கள். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இதே நார்ஃபோக் பக்கம் இருந்தவர்கள். போன மாசம் அவர்களில் மூத்தவனான கிளெமென்ட்டில் விட்டது.

நவம்பர் 16

கிளெமென்ட் பாஸ்டனைப் பற்றிய அந்த ஒற்றைப் பக்கத்தை இன்று நாலு தடவை படித்தேன். அடிமை வம்சம் என்று காட்டி அந்தக் குடும்பத்தைக் கவிழ்க்க எழுதியது அது. எழுதியவன் பேர் போடவில்லை. "பாஸ்டன் என்ற ஊரில் கிளெமென்ட் பாஸ்டன் என்று ஒருவன் இருந்தான், நல்ல எளிய ஹஸ்பண்ட்" என்று ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ஹஸ்பண்ட் என்றால் வெள்ளாமை செய்கிறவன், வீட்டை நடத்துகிறவன். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சம்சாரி! எங்கள் கரிசல் பக்கம் விவசாயிக்கும் குடும்பஸ்தனுக்கும் ஒரே சொல்தானே. நல்ல எளிய சம்சாரி.

வருஷம் பூரா ஒரு ஏர், பார்லி விதைக்கிற நாளில் இரண்டு ஏர். குளிரோ வெயிலோ, ஏருக்குப் பின்னால் அவனே நடந்தான். சேணமில்லாத குதிரையில் தானியத்தைத் தனக்கு அடியில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனான். திரும்பும்போது மாவை அடியில் போட்டுக்கொண்டு வந்தான். வண்டி கட்டி வின்டர்டனுக்குத் தானியம் கொண்டுபோய் விற்றான். "ஒரு நல்ல சம்சாரி செய்ய வேண்டியபடி."

இழிவு என்று நினைத்துத்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறான். எனக்கோ அந்தக் குதிரையின் முதுகுச் சூடு தொடையில் படுகிற மாதிரி இருந்தது.

நவம்பர் 19

இவர் கேட்டார், "அறுநூறு வருஷத்துக்கு முந்தின ஆளை எப்படித்தான் தேடுவே?"

பதிவேடு இல்லாமல்தான். திருச்சபை ஊருக்கு ஊர் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுத ஆரம்பித்ததே 1538-இல்தான். அதற்கு முன்னால் யாரும் பிறந்ததாக எழுதி வைக்கவில்லை. நிலம் கை மாறியதை எழுதினார்கள், வரி கட்டியதை எழுதினார்கள், செத்ததை எழுதினார்கள். அரசனிடம் நேரடியாக நிலம் வாங்கியவன் செத்தால் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி விசாரிப்பார்கள்: என்ன நிலம், என்ன மதிப்பு, வாரிசு யார், வயசென்ன. வாரிசுக்கு 21 ஆகிவிட்டது என்று காட்ட இன்னொரு விசாரணை. அதில் சாட்சிகள் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த வருஷம் எனக்குக் கால் முறிந்தது, அதனால் நினைவிருக்கிறது. அந்த வாரம்தான் என் மகளுக்குக் கல்யாணம், அதனால் நினைவிருக்கிறது. இந்தச் சாட்சியங்களில் பாதி ஒரே அச்சில் வார்த்தவை, எழுத்தரே போட்டு நிரப்பியிருப்பார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஒரு குழந்தை பிறந்த நாளுக்கு அடுத்த வீட்டுக்காரனின் கால் முறிவு சாட்சியாக நின்றிருக்கிறது!

நிலப் பத்திரம் இன்னும் அழகு. ஒரே தோலில் ஒப்பந்தத்தை மூன்று தடவை எழுதி, நடுவில் அலை அலையாக வெட்டுவார்கள். ஒப்பந்தக்காரர் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று, அடித்துண்டு அரசனின் கருவூலத்துக்கு. சந்தேகம் வந்தால் அலையோடு அலை பொருந்த வேண்டும். 1195-இலிருந்து 1833 வரைக்கும் அந்த அடித்துண்டுகள் லண்டன் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மனைவியின் நிலம் என்றால் அவளைத் தனியே கூப்பிட்டு, மனசார ஒப்புகிறாளா என்று நீதிபதி கேட்க வேண்டும். அதனாலேயே பல பெண்களின் பேர் அந்தத் துண்டில் மட்டும் தப்பியிருக்கிறது.

நவம்பர் 22

தூக்கமில்லை. ஆலை.

நவம்பர் 23

ஆலை விஷயம் இதுதான். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே: கிளெமென்ட்டுக்கு மிஞ்சிப்போனால் நூறு, நூற்றிருபது ஏக்கர். அதிலும் நிறைய ஜிமிங்ஹாம் மாளிகைக்குக் கட்டுப்பட்ட அடிமை நிலம். கூடவே சின்ன ஆற்றோரம் ஓடுகிற "ஏழை நீராலை" ஒன்று.

சொந்தமாக ஆலை வைத்திருக்கிறவன் குதிரையேறி எந்த ஆலைக்குப் போனான்?

ஏன் கேட்கிறேன் என்றால், பண்ணையடிமை பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைத்ததில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடும். வேறு இடத்தில் அரைத்தால் அபராதம். சொந்த ஆலையைத் தாண்டி ஜிமிங்ஹாம் ஆலைக்குப் போனான் என்றால் அவன் கட்டுப்பட்டவன். தன் ஆலைக்கே போனான் என்றால் இந்த வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடிமை நிலத்தை உழுவதாலேயே ஒருவன் அடிமையாகிவிட மாட்டான், சுதந்திரமானவனும் அப்படி நிலம் வாங்கி உழலாம். நிலத்தின் கட்டு வேறு, ரத்தத்தின் கட்டு வேறு.

எழுதியவனுக்கு இது தெரியும். தெரிந்துதான் கிளெமென்ட்டை நேரே அடிமை என்று சொல்லாமல் நிலத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறான். அடுத்த வரியில் பெண்டாட்டியைப் பிடிக்கிறான். ஜெஃப்ரி சாமர்டனின் தங்கையைக் கட்டினான், அவள் அடிமைப் பெண்.

பேர்கூடச் சொல்லவில்லை. தங்கையாம்.

நவம்பர் 30

29 வாரம். அசைகிறாள். (அசைகிறான்?)

டிசம்பர் 3

மேனர் (பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுருள்கள் இருந்தால் கிளெமென்ட் கட்டுப்பட்டவனா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குக் கட்டிய காசு, ஊரைவிட்டு ஓடியதற்கு அபராதம், செத்தவன் வீட்டிலிருந்து ஓட்டிப்போன நல்ல மாடு என்று எல்லாம் அதில் பதிவாகும். கட்டுப்பட்டவர்களின் மொத்த வாழ்க்கையும் அந்தச் சுருளில்தான்.

அதனால்தான் 1381 ஜூனில் கலகம் செய்த குடியானவர்கள் அதை எரித்தார்கள். நார்ஃபோக்கில் ஊர் ஊராக மாளிகைக்குள் புகுந்து சுருளை வெளியே இழுத்துப்போட்டுக் கொளுத்தினார்கள். அவர்களுக்குத் தலைவன் ஜெஃப்ரி லிட்ஸ்டர், சாயத் தொழிலாளி. பிஷப் ஹென்றி டிஸ்பென்சர் கவசம் மாட்டிக்கொண்டு வந்து நார்த் வால்ஷமில் அவர்களை முறித்தார். பாஸ்டனிலிருந்து நார்த் வால்ஷம் ஒரு நடை தூரம். கிளெமென்ட்டின் மகன் வில்லியமுக்கு அப்போது மூன்று வயசு. அன்றைக்குக் காற்றில் வந்த புகையை அந்த வீட்டில் முகர்ந்திருப்பார்கள்.

எனக்கு அந்தச் சுருள்கள் வேண்டும். எரித்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டும் உண்மை. நாள் பூரா இதிலேயே போயிற்று.

டிசம்பர் 5

ஃபோனில் அம்மாவிடம் ஆச்சியின் அம்மா பேரைக் கேட்டேன். "பூட்டின்னுதான் கூப்பிடுவோம். பேரை யாரு கண்டா? நீ ஏட்டி இந்த நேரத்துல இதையெல்லாம் போட்டு மனசை உழப்புற, ஒருக்களிச்சுப் படு" என்றாள்.

டிசம்பர் 8

கிடைத்துவிட்டாள். கிளெமென்ட்டின் உயிலில் இருக்கிறாள். 1419. பாஸ்டன் கோயிலுக்குள்ளே, வடக்கு வாசலுக்கும் என் மனைவி பீட்ரிஸ் கல்லறைக்கும் நடுவில் என்னை அடக்கம் செய்யுங்கள்.

பீட்ரிஸ். பீட்ரிஸ். பீட்ரிஸ்.

டிசம்பர் 14

இன்றைய தேதிக்காகக் காத்திருந்தேன்.

கிளெமென்ட்டின் பேரன் ஜானின் பெண்டாட்டி மார்கரெட் எழுதிய கடிதம். கீழே தேதி இப்படி: "ஆக்ஸ்நெட்டில், புனித தோமா நாளுக்கு முந்தின வியாழக்கிழமை, மிகுந்த அவசரத்தில்." வருஷமே கிடையாது. தோமா நாள் டிசம்பர் 21. 1441-இல் அந்த 21-ஆம் தேதியே வியாழக்கிழமை, ஆக முந்தின வியாழன் 14. ஆனால் 1441 என்று எப்படிச் சொல்கிறார்கள்? அவள் வயிற்றை வைத்துத்தான். கடிதத்தில் அவள் கர்ப்பம், மூத்தவன் பிறந்தது 1442-இல். பிறந்த பிள்ளைதான் அந்தக் காகிதத்துக்கு வருஷம் போட்டுக் கொடுத்திருக்கிறது.

புது கவுன் வேண்டும் என்கிறாள். ஒட்டியாணம் வேண்டும் என்கிறாள், இருப்பதில் ஒன்றைத் தவிர எதுவும் இடுப்பைச் சுற்றி வரவில்லையாம். பிறகு, புனித மார்கரெட் உருவம் போட்ட மோதிரம் அனுப்பியிருக்கிறேன், என் ஞாபகமாக வீடு வரும்வரை போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எனக்கு விட்டுப்போன ஞாபகமோ ராப்பகலாகத் தூங்க விடாமல் உங்களையே நினைக்க வைக்கிறது என்கிறாள். புனித மார்கரெட் யார் தெரியுமா? பிரசவத்தில் கிடக்கிற பெண்கள் கூப்பிடுகிற தெய்வம். பாஸ்டன் ஊர்க் கோயிலும் அவள் பேரில்தான்.

அவள் கையெழுத்து இல்லை. நூற்றுக்கு மேல் கடிதம், எல்லாம் சொல்லச் சொல்ல வேறு ஆள் எழுதியது. இடுப்பு பெருத்ததையும் புருஷனுக்காக ஏங்கியதையும் ஒரு எழுத்தர் முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். நான் இதைப் போர்வைக்குள் தட்டச்சு செய்கிறேன்.

டிசம்பர் 17

மறுபடி. இரண்டு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

டிசம்பர் 26

இப்போது வுல்ஸ்டன்.

1466 மே மாசம் ஜான் லண்டனில் செத்தார். சர் ஜான் ஃபாஸ்டால்ஃப் விட்டுப்போன கெய்ஸ்டர் கோட்டைக்காக ஏழு வருஷம் வழக்கு, சிறை எல்லாம் பார்த்தவர். அடிமை வம்சம் என்று நிரூபித்துவிட்டால் கோட்டையும் போகும், சோறு போடுகிற நிலமும் போகும், அடிமைக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. அதற்காகத்தான் எதிரிகள் அந்தப் பேச்சைக் கிளப்பியது. ஜூலையில் நான்காம் எட்வர்ட் தீர்ப்பாக எழுதிக் கொடுத்தார்: இவர்கள் நார்மன் வெற்றிக் காலத்திலிருந்து, அதாவது பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்த காலத்திலிருந்து, கண்ணியமான ரத்தம். ஆதாரமாகக் காட்டிய வம்சாவளியின் முதல் ஆள் வுல்ஸ்டன், பிரான்சிலிருந்து வந்தவராம்.

வுல்ஸ்டன் என்பது பழைய ஆங்கிலப் பேர்! நார்மன்கள் வருமுன் இந்த மண்ணில் வைத்த பேர். பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவனுக்கு அந்தப் பேர் எங்கே கிடைத்தது? இதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. வருஷக்கணக்காக யாராவது ஒருத்தர் நிலத்தைப் பிடுங்க வர, அந்தப் பயத்தில் ஒரு முப்பாட்டனையே உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த வுல்ஸ்டன் என்ன உழுதான், எங்கே நடந்தான், எதன் மேல் ஏறிப் போனான், ஒரு வரி இல்லை. எதிரி எழுதிய பக்கத்தில்தான் கிளெமென்ட் உயிரோடு இருக்கிறான்.

இன்னொன்றும் காட்டினார்கள். எங்களிடமே அடிமைகள் இருந்தார்கள், இதோ சுருள். அந்தச் சுருளில் இருந்தவர்களுக்கு யார் வம்சாவளி எழுதினார்கள்?

டிசம்பர் 30

மார்கரெட்டை எனக்குப் பிடித்துப்போனதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று இருக்கிறது. 1469. மகள் மார்ஜரி, ரிச்சர்ட் கால் என்கிற வீட்டுக் காரியஸ்தனுக்குக் கல்யாண வாக்குக் கொடுத்துவிட்டாள். நார்விச் பிஷப் கூப்பிட்டு, என்ன வார்த்தை சொன்னாய் என்று விசாரிக்கிறார். சொன்னாள். அந்த வார்த்தை போதாது என்றால் போகுமுன் இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். பெண்ணை வீட்டுக்குள் விடக் கூடாது என்று மார்கரெட் வேலைக்காரர்களுக்கு உத்தரவு போட்டாள். இதே நார்விச். நான் படுத்திருக்கிற இடத்திலிருந்து கதீட்ரல் கோபுரம் தெரியும்.

1482-இல் மார்கரெட்டின் உயில். மார்ஜரியின் மூத்த மகனுக்கு 20 பவுண்டு. மார்ஜரி அதற்குள் செத்திருந்தாள்.

ஜனவரி 4

34 வாரம்.

அதே பக்கத்தில், "வில்லியம் என்று ஒரு மகன், அவனைப் பள்ளிக்கு அனுப்பினான், அந்தப் படிப்புக்கு அடிக்கடி கடன் வாங்கினான்." அடிக்கடி என்று இருக்கிறது. அப்பா விதைப்பு முடிந்ததும் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடப் பையோடு தெருமுனையில் நிற்பேன். வில்லியம் சட்டம் படித்து 1429-இல் நீதிபதி ஆனார். ஜெஃப்ரி சாமர்டனும் உதவினாராம், பீட்ரிஸின் அண்ணன், அவரும் வக்கீல்.

ஜனவரி 8

1679-இல் இந்த வம்சத்தில் ஒருவர் யார்மத் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் வாங்கினார். அடுத்த ஏர்லோடு, 1732-இல், அந்தக் கிளையின் ஆண் வழி அற்றது. கடன் மூழ்கடித்த வீட்டிலிருந்து பழைய காகிதங்கள் கைமாறி வெளியே போனதால்தான் நான் இன்றைக்குப் படிக்கிறேன்.

ஜனவரி 13

மறுபடி ஆலை. பாஸ்டன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேணம் இல்லாத குதிரைமேல் மூட்டையைக் குறுக்கே போட்டால் அதுதான் சேணம். போகும்போது தானியம், குத்தும். வரும்போது மாவு, அரைத்த சூடு இன்னும் இருக்கும். ஏழை நீராலை என்றால் கோடையில் தண்ணீர் நின்றிருக்கும், அந்த நாளில் வேறு ஆலைக்குத்தான் போயிருக்க வேண்டும். சரியாக வருகிறதா? குளிர்காலத்தில்?

ஜனவரி 17

விடிகாலை. பை எடுத்தாயிற்று. ரத்தம் இந்தத் தடவை அதிகம், வலி இல்லை. இவர் காரில் பின் சீட்டைச் சாய்த்துத் துண்டு விரித்துவைத்திருக்கிறார். என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போகும்போது, வாசல்படியில் நின்று, மூச்சு வாங்க, "சரி, எந்த ஆலைக்குத்தான் போனான் அவன்?" என்று கேட்டார். இரண்டு மாசத்தில் முதல் தடவையாக. நான்