புகை இல்லாத தடுமாற்றம்: பழைய லாரியில் கோளாறைப் பிடித்த கதை

எங்கள் லாரி பழசு. டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் இன்லைன் பம்ப், டர்போ எஞ்சின். சென்சார், ஸ்கேனர் சமாச்சாரமே கிடையாது. ஆந்திராவின் வி.கோட்டாவிலிருந்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு அடிக்கிறோம். போன கோடையில் பிக்கப் போய்விட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரு கணம் அமுங்கி, அப்புறம்தான் எடுக்கும். சமவெளியில் சமாளித்துவிடலாம். பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதையில் வளைவில் கியர் மாற்றியதும், காலி வண்டியே திணறும். பின்னால் ஒட்டிக்கொண்டு பஸ் வரும்போது வயிற்றைக் கலக்கும்.

டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் மாற்றியாயிற்று. பலனில்லை. பம்ப், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னது ஒரு பட்டறை. அந்தச் செலவுக்கு முன் இன்னொருவரிடம் காட்டலாம் என்று, காட்பாடியில் பம்ப் வேலையிலேயே ஊறிப்போன ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பானட் பக்கமே அவர் போகவில்லை.

"மிதிக்கும்போது என்ன புகை தம்பி வருது?"

"புகையே இல்லண்ணே."

"அப்ப காத்துக் குறை இல்ல. டீசல்தான் பத்தல."

டர்போ ஹோஸ் கிழிந்திருந்தாலோ ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ காற்று பத்தாமல், டீசல் முழுசாக எரியாமல் கரும்புகை தள்ளுமாம். அடுத்து, டேங்க் நிறைய இருக்கும்போதும் இப்படித்தானா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஃபுல் டேங்க் போட்ட அன்றைக்கு வண்டி நன்றாகவே போகும். பாதிக்குக் கீழே இறங்கினால்தான் தொல்லை. மட்டம் குறையக் குறைய, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் கூடுதலாக உறிஞ்ச வேண்டும்.

டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டச் சொன்னார். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கோளாறு வருமாம். அது சரியாகவே இருந்தது. பிறகு டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேபினுக்குப் பின்னால் கட்டிய கேனிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு நேராக டீசல் கொடுத்தார். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றினோம். சொன்னபடி இழுத்தது! பம்ப்புக்கும் நாசிலுக்கும் நோயில்லை.

பழைய லைனை மாட்டி, ஃபீட் பம்ப்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டு சேர்த்தார். எஞ்சினை ரைஸ் பண்ணியதும் அதில் கடுகு மாதிரி குமிழ்கள் வரிசையாக ஓடின. சேஸில் உரசும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. ஒரு சொட்டு டீசல்கூட வெளியே இல்லை. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

டீசலுக்கான ஹோஸாகவே வாங்கிப் போட்டோம். சாதா தண்ணிக் குழாய் டீசலில் ஊறி மறுபடி வெடித்துவிடும். டீசல் லைனை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர்களையும் மாற்றி, ஃபில்டர் தலையிலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை ஹேண்ட் பம்ப் அடித்து, லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினார். கால் டேங்க் டீசலில் மலை ஏறுகிறது வண்டி. பம்ப்பை இன்னும் இறக்கவில்லை.