அம்மாவின் அட்டையில் மீந்திருந்த மாத்திரைகள்

செய்யாற்றுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், 2022ஆம் ஆண்டு ஒரு காலையில், வீடு தேடி வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் எங்கள் வீட்டு வாசலில் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்தபோது கருவி 178/104 என்று காட்டியது. அம்மாவுக்கு அப்போது 61 வயது. களையெடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார் என்பதால் தன்னார்வலர் அந்த அளவோடு முடிவு கட்டிவிடவில்லை. அம்மாவை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, பாதங்களைத் தரையில் ஊன்றச் செய்து, கைக்குக் கீழே தலையணை கொடுத்து நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்து, ஐந்து நிமிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் 166/100 இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரும் அளந்து உறுதிசெய்து, இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். ஒரு தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்தியிருந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. வெளியூரில் வேலை பார்த்த நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இத்திட்டம் தொடங்கியபோது, வீட்டுக்கே மாத்திரை வரும் என்பதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அம்மாவைக் காப்பாற்றியது வேறொன்று. மூன்றாம் மாதம் அழுத்தம் குறையாததால் மருத்துவர் மாத்திரையின் அளவை 10 மில்லிகிராமாகக் கூட்டியிருந்தார். அடுத்த முறை வந்த தன்னார்வலர் புது மாத்திரையை நீட்டுவதற்கு முன், "அத்தை, பழைய அட்டையை எடுத்துட்டு வாங்க" என்றார். முப்பதில் பதினேழு மாத்திரைகள் அப்படியே இருந்தன. அம்மா தயங்கித் தயங்கிப் புடவையைச் சற்றே உயர்த்திக் கணுக்காலைக் காட்டினார். வீங்கியிருந்தது, விரலால் அழுத்திய இடம் குழிந்து நின்றது. மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டிருக்கிறார். அம்லோடிபினின் அளவு கூடும்போது சிலருக்குக் கால் வீங்குவது வழக்கமான பக்கவிளைவுதான். சிறுநீர்ப் பரிசோதனையை மறுபடியும் செய்து பார்த்த மருத்துவர், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கி, அளவைப் பழையபடி குறைத்து, வேறு வகை மாத்திரை ஒன்றையும் சேர்த்தார். இரண்டு வாரங்களில் வீக்கம் வடிந்தது.

என்னிடம்கூடச் சொல்லாததை அம்மா அவரிடம் சொன்னதற்குக் காரணம், அவர் அடுத்த தெருப் பெண் என்பதும், ஒரே மகளிர் சுய உதவிக் குழுவில் இருவரும் இருந்தவர்கள் என்பதுமே என்று நான் உறுதியாக நம்புகிறேன். இத்தனைக்கும் இவர்களுக்குக் கிடைப்பது சிறு ஊக்கத்தொகை மட்டுமே.

உப்பைப் பற்றியும் அவர் அறிவுரையாக எதுவும் சொல்லவில்லை. ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வரும் என்று மட்டும் கேட்டார். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நான்கு பேருக்கு 50 நாள் வர வேண்டிய பாக்கெட் எங்கள் வீட்டில் 25 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. கருவாடும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் சேராதவை. இப்போது அதே பாக்கெட் நாற்பது நாள் வருகிறது.

இடையில் ஒரு மாதம் மாத்திரை வரவில்லை. சுகாதார நிலையத்துக்கே நேரில் போய்ப் பத்து நாளுக்கு மட்டும் வாங்கிவந்தோம். அந்த ஒரு தடங்கலைத் தவிர, கால் வீக்கம் வடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளாக அம்மா ஒரு நாளும் மாத்திரையை விடவில்லை. கடைசியாக அளந்தபோது 132/82 இருந்தது.

ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும். தன்னார்வலர்கள் வருவது பகலில் என்பதால், வேலைக்குப் போகும் ஆண்கள் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறார்கள். என் தம்பிக்கு 41 வயதாகியும் ஒருமுறைகூட அளந்ததில்லை. சென்ற மாதம் அம்மாவே தன்னார்வலரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனை அதே நாற்காலியில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று தானே அருகில் நின்றார். 152/96 என்று வந்தது. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவன் சுகாதார நிலையத்துக்குப் போனான். அம்மாவும் உடன் போனார்.